நீட் தேர்வுக்குப் படிப்புத் திட்டம் போடுவது எப்படி? பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பிளஸ் டூ பிள்ளைகள் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டுவார்கள். ஸ்கெட்ச் பேனாவில் கட்டம் போட்டு, காலை 4 மணியிலிருந்து இரவு 11 மணி வரை நிரப்பிய டைம்டேபிள். ஜூலையில் அதைப் பற்றிக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிற எனக்கு அந்தக் குனிந்த தலையைப் பார்க்கப் பொறுக்காது. தவறு பிள்ளையிடம் இல்லை, திட்டம் போட்ட விதத்தில்தான் இருக்கிறது. பல வருடங்களாக என்னிடம் வந்த கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில், தேர்வு எப்படி இருக்கும்?

2025இல் நடந்த முறைப்படி 180 கேள்விகள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4 மதிப்பெண் கிடைக்கும், தவறான விடைக்கு 1 குறையும், விட்டுவிட்டால் ஒன்றுமில்லை. 2021 முதல் 2024 வரை 200 கேள்விகள் கொடுத்து 180க்கு விடையளிக்கச் சொன்னார்கள், 2022 முதல் நேரமும் 20 நிமிடம் கூடுதல். அந்தச் சலுகை இப்போது இல்லை. பழைய வினாத்தாள்களை வைத்துப் பழகும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆண்டுக்கான தகவல் கையேடு வெளியான அன்றே அதை முழுதாக வாசித்துவிடுங்கள்.

டைம்டேபிள் போடுகிறேன், மூன்று நாளில் உடைந்துபோகிறது. ஏன் டீச்சர்?

கடிகாரத்தைப் பார்த்துப் போட்டதால்தான். "மாலை 7 முதல் 8 வரை இயற்பியல்" என்று எழுதியிருப்பீர்கள். 7 மணிக்கு மின்சாரம் போயிருக்கும், அல்லது வீட்டுக்கு விருந்தாளி வந்திருப்பார். 7.40க்கு உட்கார்ந்தால் மனசுக்குள் ஏற்கெனவே தோற்ற மாதிரி இருக்கும். அதுவும் "இயற்பியல்" என்பது ஒரு வேலையா? எங்கே தொடங்குவது, எது முடிந்தால் எழுந்துகொள்ளலாம் என்பது அதில் எங்கேயும் இல்லை.

நேரத்துக்குப் பதிலாக வேலையை எழுதுங்கள். "நிலை மின்னியல்: கூலூம் விதி வாசிக்க வேண்டும், புத்தகம் மூடிச் சமன்பாடுகளை எழுதிப் பார்க்க வேண்டும், 15 கணக்கு போட வேண்டும்." இது முடிந்ததா இல்லையா என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டாம். 7 மணிக்கு ஆரம்பித்தாலும் 8.30க்கு ஆரம்பித்தாலும் வேலை அதேதான்.

இன்னொரு காரணம், அந்த டைம்டேபிள் உங்களுடையதே இல்லை. யாரோ ஒரு டாப்பர் வீடியோவில் சொன்னது. அவர் பள்ளிக்குப் போகாமல் விடுதியில் தங்கி ஆண்டு முழுக்கப் பயிற்சி எடுத்தவராக இருக்கலாம். காலை 7 மணி பஸ்ஸைப் பிடித்து மாலை 6 மணிக்கு வீடு திரும்புகிற பிள்ளைக்கு அவருடைய அட்டவணை எப்படிப் பொருந்தும்?

அப்படியென்றால் என் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

இரண்டு வேலை செய்யுங்கள். இரண்டும் ஒரே வாரத்தில் முடிந்துவிடும்.

முதலாவது, உங்களிடம் உண்மையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று எண்ணுவது. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் வழக்கம்போல இருங்கள். ஒவ்வொரு நாளும் எவ்வளவு நேரம் படித்தீர்கள் என்று மட்டும் குறித்துவையுங்கள். எங்கள் பிள்ளைகள் பலருக்கு வேலைநாளில் இரண்டரை மணி, சனிக்கிழமை நான்கு, ஞாயிறு ஐந்தரை என்று வாரத்துக்கு 22 மணி நேரம் வரும். ஜூன் தொடக்கத்திலிருந்து மே முதல் ஞாயிறு வரை ஏறக்குறைய 48 வாரம். காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வுகள், செய்முறைத் தேர்வு, பொதுத்தேர்வு, பண்டிகை, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் 13 வாரம் கழித்துவிடுங்கள். மிச்சம் 35 வாரம், அதாவது 770 மணி நேரம். அதிலும் ஐந்தில் ஒரு பங்கை எதற்கும் ஒதுக்காமல் சும்மா விட்டுவையுங்கள். கைக்கு வருவது 600 மணி நேரத்துக்குச் சற்று மேல். இந்த எண்ணைப் பார்த்ததும் சிலருக்குப் பயம் வரும். எனக்கென்னவோ இதில் ஒரு நிம்மதி தெரிகிறது. இருப்பது இவ்வளவுதான் என்று தெரிந்தால், எதை விடலாம் என்று யோசிக்கத் துணிவு வந்துவிடும்.

இரண்டாவது, பழைய நீட் வினாத்தாள் ஒன்றை எடுத்து, நேரம் வைத்து, எதுவும் படிக்காமல் எழுதிப் பாருங்கள். பழைய தாள்கள் நீட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. 120 வந்தாலும் பரவாயில்லை. அந்த மதிப்பெண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம். எந்தப் பாடத்தில் கேள்வியே புரியவில்லை, எதில் புரிந்தும் கணக்கு வரவில்லை என்பதைத்தான் பார்க்க வேண்டும். திட்டத்தின் முதல் பக்கம் அதுதான்.

பிளஸ் ஒன்னிலேயே ஆரம்பிக்க வேண்டுமா?

ஆரம்பித்தால் நல்லது. கேள்விகள் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் வருகின்றன. இயக்கவியல், மோல் கருத்து, செல் பிரிவு எல்லாம் பிளஸ் ஒன் பாடம். பிளஸ் ஒன்னில் தனியாக நீட் வகுப்புக்கு ஓட வேண்டியதில்லை. பள்ளியில் நடத்துகிற பாடத்தை அந்தந்த வாரமே கணக்கோடு முடித்தாலே போதும். பிளஸ் டூ வந்தபிறகுதான் விழித்துக்கொண்டீர்கள் என்றால், பிளஸ் ஒன் பாடத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளை எழுதிவையுங்கள். "கோடை விடுமுறையில் முடித்துவிடுவேன்" என்று சொன்ன பிள்ளைகளில் முடித்தவர்கள் மிகக் குறைவு.

மாநிலப் பாடநூல் போதுமா, மத்தியப் பாடத்திட்டத்தின் என்சிஇஆர்டி புத்தகமும் வேண்டுமா?

அதிகம் பேர் கேட்கிற கேள்வி இது. பாடத்துக்குப் பாடம் பதில் மாறும்.

2018, 2019 ஆண்டுகளில் வந்த நம் புதிய பாடநூல்கள் கனமானவை, நல்லவையும்கூட. இயற்பியலில் கருத்தைப் புரிந்துகொள்ள அவை தாராளமாகப் போதும், கணக்குகளுக்கு மட்டும் கூடுதல் பயிற்சி வேண்டும். உயிரியலில் அப்படி விட முடியாது. நீட் உயிரியல் கேள்விகள் என்சிஇஆர்டி புத்தகத்தின் வரிகளையும் படங்களையும் ஒட்டியே வருகின்றன. அதனால் நம் தாவரவியல், விலங்கியல் புத்தகங்களில் ஒரு பாடத்தைப் புரிந்துகொண்டு, அதே வாரத்தில் என்சிஇஆர்டியில் அந்தப் பாடத்தை வரிவரியாக வாசியுங்கள். அந்தப் புத்தகங்களை இலவசமாகத் தரவிறக்கலாம்.

அடுத்து ஒரு முக்கியமான விஷயம். 2024இலிருந்து நீட் பாடத்திட்டத்தைக் குறைத்திருக்கிறார்கள். ஆனால் நம் பாடநூல் அதற்கேற்பச் சுருங்கவில்லை. பிளஸ் டூ வேதியியலில் திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், பிளஸ் ஒன் விலங்கியலில் செரித்தல் மற்றும் உட்கிரகித்தல், தாவரவியலில் கனிம ஊட்டம் போன்றவை நீட் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவை. பள்ளித் தேர்வுக்குப் படித்தே ஆக வேண்டும், ஆனால் நீட்டுக்கான அந்த 600 மணி நேரத்தை இவற்றில் செலவழிக்கக் கூடாது. எங்கள் வகுப்பில் பாடநூலின் பொருளடக்கப் பக்கத்திலேயே பென்சிலால் குறித்துக்கொள்கிறோம்: இரண்டுக்கும் வருவது, பொதுத்தேர்வுக்கு மட்டும் வருவது. அரைமணி நேர வேலை. பாடத்திட்டத்தை அதிகாரப்பூர்வ அறிவிப்பில் சரிபார்த்தே இதைச் செய்யுங்கள், பழைய கையேட்டை நம்ப வேண்டாம்.

அதே மாற்றத்தில் புதிதாகச் சேர்ந்தது ஒன்றுண்டு. இயற்பியலிலும் வேதியியலிலும் செய்முறை சார்ந்த பகுதி. திருகு அளவி, வெர்னியர், மீட்டர் சமனச் சுற்று, பிஎன் சந்தி டையோடு, செனார் டையோடு என்று நீங்கள் ஆய்வகத்தில் கையால் தொட்டவைதான். ரெக்கார்ட் நோட்டைப் பார்த்துக் காப்பியடித்து எழுதிவிட்டுப் போகாதீர்கள். பிப்ரவரி செய்முறைத் தேர்வுக்குத் தயாராகும் அந்த வாரம் நீட்டுக்கும் கணக்கில் சேரும்.

நான் தமிழ் வழி. வினாத்தாளைத் தமிழில் தேர்ந்தெடுக்கலாமா?

தாராளமாக. தமிழைத் தேர்ந்தெடுத்தால் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த வினாத்தாள் கிடைக்கும். மொழிபெயர்ப்பில் சிக்கல் வந்தால் ஆங்கிலத்தில் உள்ளதே இறுதி என்பது விதி.

அந்த விதி எவ்வளவு கடுமையானது என்பதை 2018இல் பார்த்தோம். அந்த ஆண்டு தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போனது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஒரு வருட உழைப்பைப் பிழையான ஒரு சொல்லிடம் கொடுத்துவிட்டு நின்ற அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

ஆகவே தமிழில் யோசியுங்கள், கலைச்சொற்களை மட்டும் இரண்டு மொழியிலும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரு நீள நோட்டில் இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல். நிலைமத் திருப்புத்திறன், பரப்பு இழுவிசை, மின்தேக்கி, சவ்வூடு பரவல். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் எழுதினால் நான்கு மாதத்தில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். தமிழ் வாக்கியம் இடறினால் கண் தானாகவே பக்கத்தில் இருக்கும் ஆங்கிலத்துக்குப் போக வேண்டும், அந்த அளவுக்குப் பழகினால் போதும்.

மூன்று பாடத்துக்கும் நேரத்தைச் சமமாகப் பிரிக்கலாமா?

வேண்டாம். மதிப்பெண்ணில் பாதி உயிரியல், 360. அதற்காக நேரத்திலும் பாதியை அதற்கே கொடுத்துவிட முடியாது. உயிரியலைச் சின்னச் சின்னத் துண்டாகத் தினமும் படிக்கலாம், பஸ்ஸிலும் வாசிக்கலாம். இயற்பியலுக்குத் தொடர்ச்சியாக ஒரு மணி நேரமாவது வேண்டும், கையில் பேனா வேண்டும். 2025 தாளில் இயற்பியல் பகுதி பலரை அழவைத்தது. அதைப் பார்த்துப் பயந்து இயற்பியலைக் கைவிட்டால் உயிரியலில் ஒரு கேள்விகூடத் தவறக் கூடாத நிலைக்குத் தள்ளப்படுவீர்கள்.

இயற்பியல் ஆசிரியையாக ஒன்று சொல்கிறேன். நம் பிள்ளைகள் பலர் இடறுவது கருத்தில் இல்லை, பெருக்கல் வகுத்தலில்தான். பொதுத்தேர்வுக்கு மடக்கை அட்டவணை பார்த்தே பழகியிருப்போம். நீட்டில் அதுவும் கிடையாது, கால்குலேட்டரும் கிடையாது. பத்தின் அடுக்குகள், வர்க்கமூலம், பின்னங்கள் இவற்றை மனசில் போடத் தினமும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மூன்று மாதத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

ரிவிஷனை எப்போது வைத்துக்கொள்வது? எல்லாப் பாடமும் முடிந்த பிறகா?

அப்படி வைத்தால் ஜனவரியில் ஜூன் பாடம் புதுப்பாடமாகத் தெரியும். ஒரு பாடத்தை முடித்த மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று மூன்று தேதிகளை அன்றே திட்டத்தில் எழுதிவிடுங்கள். திரும்பப் பார்ப்பது என்றால் மறுபடி வாசிப்பது என்று நினைத்துவிடக் கூடாது. புத்தகத்தை மூடிவைத்து, வெள்ளைத் தாளில் நினைவுக்கு வருவதை எழுதி, விடுபட்டதை மட்டும் திறந்து பாருங்கள். வாசித்துக்கொண்டே போகும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். வெள்ளைத் தாள்தான் உண்மையைச் சொல்லும்.

மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) எத்தனை எழுத வேண்டும்?

எண்ணிக்கையை விடுங்கள். எழுதிய ஒவ்வொன்றுக்கும் அதே அளவு நேரம் உட்கார்ந்து திருத்த முடியுமா என்று பாருங்கள். மூன்று மணி நேரம் தேர்வெழுதி, மதிப்பெண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோ அழுதோ முடித்துவிட்டு அடுத்த தேர்வுக்குப் போவதில் எந்தப் பயனும் இல்லை.

இதற்கென்று ஒரு தவறு நோட்டு போடுங்கள். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி: பாடமே தெரியாதா, தெரிந்தும் மறந்ததா, கேள்வியைத் தப்பாக வாசித்தேனா, கணக்கில் பிசகா, விடை வட்டங்களை நிரப்பும் ஓஎம்ஆர் தாளில் வட்டம் மாறியதா. "தவறான கூற்று எது" என்று கேட்டிருக்கும்போது சரியான கூற்றைத் தேர்ந்தெடுப்பது எங்கள் பிள்ளைகள் அதிகம் செய்யும் பிழை. பத்துத் தேர்வு எழுதிய பின் அந்த நோட்டைப் புரட்டினால் ஒரே மாதிரித் தவறு திரும்பத் திரும்ப வந்திருப்பது தெரியும். என்னிடம் படித்த ஒரு மாணவிக்கு, பாடம் தெரியாமல் போன கேள்விகளைவிட அவசரத்தில் போன கேள்விகள் அதிகம் இருந்தன. அவள் புதுப்பாடம் எதையும் சேர்க்கவில்லை. கேள்வியின் கடைசி வரியில் அடிக்கோடு போடும் பழக்கத்தை மட்டும் ஏற்படுத்திக்கொண்டாள். அதற்கடுத்த தேர்வுகளில் மதிப்பெண் ஏறியது.

டிசம்பர் வரை பாடவாரியான சிறு தேர்வுகளே போதும், முழுத் தேர்வு மாதம் ஒன்று. பொதுத்தேர்வு முடிந்தபிறகு வாரம் இரண்டு. முடிந்தவரை பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரைக்கும் எழுதுங்கள், உண்மையான தேர்வும் அந்த நேரத்தில்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண் சொக்கும் நேரத்தில் வேலை செய்ய மூளையையும் பழக்க வேண்டும். ஓஎம்ஆர் தாளை ஜெராக்ஸ் எடுத்து அதிலேயே நிரப்புங்கள்.

விடை தெரியாத கேள்வியை விடுவதா, குத்துமதிப்பாகக் குறிப்பதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்றுமே தெரியாமல் நான்கில் ஒன்றைக் குறித்தால், நான்கு தடவைக்கு ஒரு தடவை 4 கிடைக்கும், மூன்று தடவை 1 போகும். மிச்சம் 1, அதாவது கேள்விக்குக் கால் மதிப்பெண். லாபம் என்று சொல்ல முடியாது, அதிர்ஷ்டம் சரியில்லை என்றால் நஷ்டம். இரண்டு விடைகளை நிச்சயமாகத் தள்ளிவிட முடிந்தால் சராசரி ஒன்றரை மதிப்பெண் லாபம், அப்போது துணிந்து குறிக்கலாம். உங்களுக்கு எது பொருந்தும் என்று மாக் டெஸ்ட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். சந்தேகத்தோடு குறித்த கேள்விகளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். திருத்தும்போது அந்தப் புள்ளிகளை மட்டும் தனியாகக் கூட்டிப் பாருங்கள்.

பொதுத்தேர்வு நேரத்தில் நீட் படிப்பை என்ன செய்வது?

நிறுத்திவிடுங்கள். பிப்ரவரி நடுவிலிருந்து பொதுத்தேர்வு முடியும் வரை பிளஸ் டூ மட்டும்தான். தினமும் அரைமணி நேரம் பிளஸ் ஒன் உயிரியலைப் புரட்டினால் அதுவே அதிகம்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நம் மாநிலத்தில் பொறியியலுக்கு 2007 முதல் நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் கட் ஆஃப். வேளாண்மைக்கும் பி.எஸ்சி. நர்சிங்குக்கும் நம் மாநிலச் சேர்க்கையில் பிளஸ் டூ மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள். நீட்டை நினைத்துப் பொதுத்தேர்வைக் கோட்டைவிட்ட பிள்ளைக்கு மே மாதத்தில் எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் சாத்திக்கொள்கிறது. தவிர, இயற்பியல், வேதியியல் வினாத்தாள்களில் தலா 15 ஒரு மதிப்பெண் வினாக்கள் இருக்கின்றன. நீட்டுக்குப் படித்தது அங்கேயும் உதவும்.

பொதுத்தேர்வு முடிந்து நீட் வரை இருக்கும் வாரங்களை?

ஐந்தாறு வாரம் கிடைக்கும். புதுப் புத்தகம் எதையும் வாங்காதீர்கள். தவறு நோட்டு, பழைய வினாத்தாள், என்சிஇஆர்டி உயிரியல் இவ்வளவுதான். வாரம் இரண்டு முழுத் தேர்வு, மறுநாள் முழுக்க அதைத் திருத்துவது. கடைசி வாரத்தில் ஒரே ஒரு முழுத் தேர்வு போதும்.

திட்டத்தில் மூன்று வாரம் பின்தங்கிவிட்டேன். இரவு முழுக்க உட்கார்ந்து பிடித்துவிடட்டுமா?

கூடாது. விட்டதை எல்லாம் வரும் வாரத்தின் தலையில் ஏற்றினால் அந்த வாரமும் உடையும். இதற்காகத்தான் ஐந்தில் ஒரு பங்கை சும்மா விடச் சொன்னேன். ஒவ்வொரு ஞாயிறு மாலையும் இருபது நிமிடம் திட்டத்தோடு உட்காருங்கள். எது முடிந்தது, எது நின்றது, ஏன் நின்றது. நின்றதில் எது முக்கியமோ அதை மட்டும் அடுத்த வாரத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். மற்றதைக் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள், இடம் கிடைக்கும்போது வரட்டும். தூக்கத்தைக் குறைத்துச் சம்பாதிக்கிற நேரம் மறதியாகப் போய்விடும்.

எத்தனை மதிப்பெண்ணைக் குறிவைக்க வேண்டும்?

2024இல் பலர் 720க்கு 720 எடுத்தார்கள். 2025இல் முதலிடம் பெற்றவரின் மதிப்பெண் 686. தாள் கடினமானால் எல்லோரும் சேர்ந்து இறங்குவார்கள். ஆகவே போன வருட எண்ணைச் சுவரில் ஒட்டிவைத்து உங்களை நீங்களே வதைத்துக்கொள்ள வேண்டாம். போன மாத மாக் டெஸ்ட்டைவிட இந்த மாதம் முப்பது கூடியதா என்று பாருங்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் பொதுப் பட்டியலின் கட் ஆஃபைப் பார்த்து "நமக்கு எங்கே" என்று விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து உங்கள் பிரிவின் கட் ஆஃபைத் தேடிப் பாருங்கள்.

பெற்றோர் கேட்பது: நாங்கள் படிக்காதவர்கள். எங்களால் என்ன செய்ய முடியும்?

நிறைய இருக்கிறது. பிள்ளை படிக்கும் நேரத்தில் டிவியை நிறுத்துங்கள். கைபேசியை எல்லோரும் ஒரே இடத்தில் வையுங்கள், நீங்களும்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சாப்பிடும்போது எடுக்காதீர்கள். லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் பயிற்சி மையத்தில் சேர்க்கும் முன், அரசுப் பள்ளியில் நடக்கும் இலவசப் பயிற்சியையும் பிள்ளையின் மாக் டெஸ்ட் மதிப்பெண்ணையும் ஒருமுறை பாருங்கள். "உனக்காக நகையை அடகு வைத்தோம்" என்ற வார்த்தை எத்தனை பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொண்டாலோ, சாப்பாட்டைத் தள்ளினாலோ, "நான் இருந்து என்ன பயன்" என்று ஒருமுறை சொன்னாலும் புத்தகத்தை ஓரம் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். 104, 14416 என்ற உதவி எண்களை எந்த நேரமும் இலவசமாக அழைத்துப் பேசலாம். அழைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த முறை கிடைக்கவில்லை. இன்னொரு வருடம் ரிப்பீட் பண்ணலாமா?

எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பு இல்லை, வயது உச்சவரம்பும் இல்லை. முடிவெடுக்கும் முன் தவறு நோட்டை எடுத்துப் பாருங்கள். பாடங்கள் பாதி படிக்காமலே போய்த்தான் மதிப்பெண் குறைந்தது என்றால் இன்னொரு வருடம் நிச்சயம் உதவும். எல்லாம் படித்தும் அதே இடத்தில் நிற்கிறீர்கள் என்றால், படிக்கும் முறையை மாற்றாமல் வருடத்தை மட்டும் கூட்டி என்ன செய்வது? ஒரு முறை ரிப்பீட் பண்ணுவதற்கு நான் தயங்காமல் சரி சொல்வேன். இரண்டாவது முறைக்கு, வேறு ஒரு படிப்பில் சேர்ந்துகொண்டே எழுதிப் பாருங்கள் என்பேன்.

தேர்வுக்கு முந்தின நாள் என்ன படிப்பது?

காலையில் சமன்பாடுகளையும் உயிரியல் படங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு மதியத்தோடு மூடிவிடுங்கள். ஹால் டிக்கெட், புகைப்படம், அடையாள அட்டை மூன்றையும் ஒரே கவரில் போடுங்கள். கையேட்டில் சொல்லியிருக்கிற உடையை எடுத்து வையுங்கள். முழுக்கைச் சட்டையும் ஷூவும் வேண்டாம், செருப்பு போதும். மையம் வெளியூரில் என்றால் அன்றே போய் வாசலைப் பார்த்துவிட்டு வாருங்கள். 1.30 மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள், அதன்பிறகு யார் கெஞ்சினாலும் திறப்பதில்லை. பேனா அங்கேயே கொடுப்பார்கள். இரவு பழகிய சாப்பாட்டைச் சாப்பிட்டு, பத்து மணிக்குப் படுத்துவிடுங்கள்.